மாஸ்டர் பாட்டின் கீழ் டிவிசன் பாதி

தலைவர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். போன நினைவு விழாவில், ஹட்டன் மண்டபத்தில், மாஸ்டரின் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாஸ்டரின் கடைசி நாடகத்தின் நான்கு பாடல்களையும் ஒரு வரி விடாமல் மீட்டுவிட்டோம்" என்று ஒலிவாங்கியில் சொன்னீர்கள். நீல அட்டை போட்ட புத்தகத்தைத் தூக்கிக் காட்டினீர்கள். மண்டபமே கைதட்டியது. பின்வரிசையில் விவரம் விளங்காமல் நானும் தட்டினேன். அந்த நான்கு பாட்டிலும் ஒரு பாதி நான் உங்களுக்குச் சொன்னது. மறுபாதியை உங்களுக்கு யாருமே சொல்லவில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே எல்லோர் முன்னாலும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. பாடச் சொன்னால் பாடுவேன். பாடவும் நீங்கள் கூப்பிடவில்லை. அதனால் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்து பறித்தவள். இடுப்பு விட்டுப்போன பிறகு சில வருடம் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். இப்போது லயத்து வரிசை வீட்டில் சும்மா இருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்ததால் எழுத வரும், அழகாக எழுத வராது. மாஸ்டரை மேடையில் எல்லோரும் மலையக இசை நாடகத்தின் தந்தை என்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று உங்கள் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. 'தோட்டத்துறையில் பணியாற்றினார்' என்று முன்னுரையில் போட்டிருக்கிறீர்கள். லொறி ஓட்டினார் ஐயா, கொழுந்து லொறி. அதைச் சொல்ல உங்களுக்கு என்ன கூச்சம்? அவர் லொறி ஓட்டியதைச் சொல்லாமல் அவர் பாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியாது.

எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு. இரண்டுக்கும் நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் ஒரு பாதை, நடந்தால் ஒரு மணி நேரம். காலைக் கொழுந்தை எடுக்க மாஸ்டர் முதலில் எங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு லொறியைக் கொண்டுவருவார். நாங்கள் கூடைகளோடு வரிசையில் நிற்போம். ஒவ்வொருத்தியுடையதையும் நிறுத்து, சாக்கில் கொட்டி, ஏற்றி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போகும். அந்த அரை மணி நேரம்தான் அவருடைய ஒத்திகை. லொறிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து, கதவுத் தகரத்தில் விரலால் தட்டித் தட்டி எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். எழுதித் தர மாட்டார். கை முழுக்கக் கொழுந்துக் கறையோடு நிற்கிறவளிடம் தாளைக் கொடுத்து என்ன பிரயோசனம்? வாயால் சொல்லுவார், நாங்கள் வாயால் வாங்கிக்கொள்வோம். பிறகு லொறி கீழே போகும். கீழ் டிவிசன் மடுவத்தில் அதே பாட்டின் மறுபாதியை அங்கே நிற்கும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்.

அவருடைய நாடகங்களில் வரும் முக்கியமான பாட்டெல்லாம் இரண்டு பேர் மாறி மாறிப் பாடுவதுதான். ஒரு குரல் மேல் டிவிசன், ஒரு குரல் கீழ் டிவிசன். மேடை ஏறும் நாள்வரை எங்களுக்கு அவர்கள் பாதி தெரியாது, அவர்களுக்கு எங்கள் பாதி தெரியாது. முதலில் அதை லொறி ஓட்டத்தின் வசதிக்காகத்தான் செய்கிறார் என்று நினைத்தோம். ஒருநாள் எனக்குப் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"என்னா மாஸ்டர், நான் கேள்வியாவே கேட்டுக்கிட்டு இருக்கேன். பதிலு எங்க?"

"பதிலு லொறியில ஏறிக் கீழ போயிருச்சு."

"அப்ப நானும் ஏறி வாறேன்."

"நீ ஏறுனா தொரை என்னை எறக்கிருவாரு. கூத்தன்னைக்குக் கேட்டுக்க."

எனக்குப் பின்னால் நின்ற வாயாடி ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இந்த மனுசன் வீட்டுலயும் பொண்டாட்டிகிட்டப் பாதிதான் பேசுவாரு போல" என்றாள். மடுவமே சிரித்தது. மாஸ்டர் முகத்தை மாற்றாமல், "அவ முழுசாப் பேசிருவா புள்ள, எனக்குப் பாதிகூட மிஞ்சாது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டு பாதியும் ஒருத்திகிட்ட இருந்தா அவ மத்தவ பாடுறதக் கேக்கவே மாட்டா. தன் வரி எப்ப வரும்னு பாத்துக்கிட்டே நிப்பா. நீ கேக்கணும். கேட்டாத்தான் ஒன் அடுத்த வரி ஒழுங்கா வரும்."

அதை மேடையில் தெரிந்துகொண்டேன். தேர்த் திருவிழாவுக்கு மறுநாள், பட்டப்பகலில், எங்கள் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் பலகை அடுக்கிக் கட்டிய மேடை. மாஸ்டர் கீழே ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் இடப்பக்கம் தலையைத் திருப்பினால் நான், வலப்பக்கம் திருப்பினால் மறுபாதியைப் பாட வந்த கீழ் டிவிசன் அக்கா. நான் முதல் வரியைப் பாடிவிட்டு நின்றேன். அக்காவின் குரல் வந்தது. கனமான குரல், கொஞ்சம் கரகரப்பு, புகையிலை போடுகிற வாய். அவள் பாடிய பதில் நான் நினைத்துவைத்திருந்த பதிலே இல்லை. அடுத்த வரியை மாஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி நான் பாடவில்லை, அவளுக்குப் பதிலாகப் பாடினேன். ராகம் அதேதான், குரல் வேறாகிவிட்டது. மாஸ்டர் ஆர்மோனியத்தைவிட்டுத் தலையை எடுக்காமல் உதட்டுக்குள் சிரித்தார். அந்த நாடகத்தை மஸ்கெலியாவில் போட்டோம், நுவரெலியாவில் போட்டோம், கூப்பிட்ட தோட்டத்துக்கெல்லாம் அதே கொழுந்து லொறியில் போனோம். ஒரு நாடகம் ஆறு நாடகமாயிற்று. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் அவர் பாட்டைப் பாடாத தோட்டம் இல்லை என்று ஒரு காலம் இருந்தது. அந்தப் பாட்டுகளை இன்றைக்கு ஊரே முழுதாகப் பாடுகிறது, சரிதான். அவை மேடை ஏறிய பாட்டுகள். ஏறிய பிறகு இரண்டு பாதியும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கடைசி நாடகம் ஏறவில்லை. அதன் பெயர் 'படகுக்கு நேரமாச்சு.' அக்காவும் தங்கையும் ஒரே லயத்தில் இருக்கிறார்கள். அக்காவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வருகிறது, தங்கைக்கு இந்தியப் பாஸ்போர்ட் வருகிறது. தங்கை தலைமன்னாரில் படகேறுகிறாள். அவ்வளவுதான் கதை. எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் கதை தேவையில்லை, எல்லா லயத்திலும் அப்படி ஒரு குடும்பத்தின் காம்பரா காலியாகியிருந்தது. அக்காவாக நான். தங்கையாக கீழ் டிவிசன் அக்கா. நிஜத்தில் அவள் எனக்கு எட்டு வயது மூத்தவள். "இந்தச் சின்னக் கழுதைய நான் அக்கான்னு கூப்புடணுமா?" என்று கீழ் மடுவத்தில் மாஸ்டரிடம் சண்டை போட்டாளாம். அதையும் அவர் வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார். படகு ஏறும் இடத்தில் நான்கு பாட்டு. ஒவ்வொன்றாக, வாரம் ஒன்றாக எங்களுக்குத் தந்தார். நாடகத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காலையில் நான்காவது பாட்டின் என் பாதியைத் தந்து முடித்தார். "இனிக் கீழ போய் அவளுக்குக் குடுத்துட்டா முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். பாட்டு அமையாதபோது லொறியை நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்துவிடுவார். அப்போது யாரும் பேசக் கூடாது. ஒருமுறை கணக்கப்பிள்ளை தெரியாமல் கூப்பிட்டு, வந்த பாட்டு போயிற்று என்று மாஸ்டர் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு இரண்டு டிவிசனிலும் அது சட்டமாகிவிட்டது. மாஸ்டர் கவிழ்ந்திருந்தால் வாயை மூடு. அன்றைக்கும் கீழ் மடுவத்தில் லொறி நின்றதாம். அவர் கவிழ்ந்தார். கொழுந்து நிறுத்தாயிற்று, சாக்கெல்லாம் ஏற்றியாயிற்று. பெண்கள் கூடையோடு மழையில் நின்றார்கள். ஒருத்தி, "மாஸ்டரு இன்னும் எந்திரிக்கலயே" என்று கிட்டப் போனபோது கீழ் டிவிசன் அக்காதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பேசாத புள்ள. பாட்டு வருது." இன்னும் கால் மணி நேரம் எல்லோரும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, சத்தம் காட்டாமல் நின்றார்கள். கடைசியில் கணக்கப்பிள்ளை போய்த் தொட்டார். உடம்பு சாய்ந்தது. நெஞ்சுவலியாம். முதலிலேயே தொட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று தோட்டத்து மருந்துக்காரரிடம் கேட்டோம். அவர், சொல்ல முடியாது என்றார். அப்படிச் சொன்னது கெட்டதாகப் போய்விட்டது. பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் கருமாதிக்குக் கீழ் டிவிசன் அக்கா அந்த ஏற்றத்தை நடந்தே வந்தாள். சாப்பாடு முடிந்து, எல்லோரும் கலைந்த பிறகு, பைப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "தங்கச்சி, நம்ம ரெண்டு பேரும் ஒருதரம் பாடிப் பாத்துருவமா? மாஸ்டரு எப்பிடி வச்சிருந்தாருன்னு தெரிஞ்சிக்கலாம்" என்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன், "அவரத் தொட விடாமக் கொன்னவ நீ. ஒன்கூட எனக்கு என்னா பாட்டு?" அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். அடுத்த வருடம் குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்தத் தோட்டம் என்று நான் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை வருடம். என் புருசன் போய்ச் சேர்ந்தார். மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே இருக்கிறாள். எங்கள் லயத்தில் பாதிக் காம்பராக்களுக்குப் பூட்டு. பக்கத்துக் காம்பராவில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் மட்டும் வரும், ஆள் சத்தம் வராது. காலையில் அடுப்பு மூட்டும்போது அந்த நான்கு பாட்டையும் ஒரு சுற்றுப் பாடுவேன். மறந்துவிடக் கூடாது என்பதற்காக. என் வரியைப் பாடிவிட்டு, அவள் வரி எவ்வளவு நீளம் இருக்குமோ அவ்வளவு நேரம் நிற்பேன். நீளம் தெரியும், மாஸ்டர் கதவில் தட்டி அந்த இடைவெளியை எண்ணிக் காட்டியிருக்கிறார். அந்த இடைவெளியில் விறகு வெடிக்கும், கூரைத் தகரத்தில் மழை விழும். அப்புறம் என் அடுத்த வரி. கேள்வி கேட்டுக் கேட்டு, பதிலே வராத ஒருத்தியாக எத்தனை காலம் நிற்பது? நீங்கள் பாதிப் பாட்டைப் பாடிப் பார்த்ததில்லை தலைவர் அவர்களே. முழுதாக மறந்துபோவது அதைவிடச் சுகம்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். குறை சொல்லக் கூடாது, மரியாதையாக வந்தீர்கள். குடையை வெளியே மடக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நான் கொடுத்த பிளேன்டீயை முழுதும் குடித்தீர்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், மாஸ்டரின் நினைவுக் குழுத் தலைவர் என்று சொன்னீர்கள். போனை மேசையில் வைத்துப் பதிவு செய்தீர்கள். நான் நான்கு பாட்டின் என் பாதியையும் பாடினேன், இடைவெளிகளையும் விட்டுப் பாடினேன். "மறுபாதி கீழ் டிவிசன் அக்காகிட்ட இருக்குங்க. உசுரோட இருக்காங்களான்னு தெரியாது. தேடிப் பாருங்க" என்று மூன்று தரம் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். உங்கள் பதிவில் என் குரலோடு அதுவும் இருக்கும், அழிக்காமல் வைத்திருந்தால்.

தேடினீர்களா? இல்லை. அடுத்த விழாவில் புத்தகம் வந்துவிட்டது. என் கேள்விகளுக்குக் கீழே ஒழுங்கான பதில்கள் அச்சாகியிருந்தன. 'கடுதாசி போடுவியா தங்கச்சி, கடல் தாண்டிப் போனபின்னே' என்று நான் கேட்டால், 'மாதம் ஒரு கடுதாசி அக்கா, மறவாமல் போட்டிடுவேன்' என்று புத்தகத்துத் தங்கை சொல்கிறாள். 'எந்த ஊரு எறங்குவியோ, யாரு வந்து அழைப்பாரோ' என்றால், 'சொந்த ஊரு எறங்கிடுவேன், சொந்தமெல்லாம் அழைத்திடுவார்' என்கிறாள். எதுகை மோனை எல்லாம் சரியாக இருக்கிறது. நான்கு பாட்டுக்கும் மேலே, சொல்லும் இசையும் என்று மாஸ்டரின் பெயர். அன்றைக்கு மண்டபத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோசம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று. நிகழ்ச்சி முடிந்து வாசலில் உங்களிடம் "அக்கா வரலீங்களா?" என்று கேட்டதும், "எந்த அக்கா?" என்றீர்கள். அப்போது விளங்கியது.

வாசலில் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண்தான் சொன்னாள், அப்படி ஒரு அம்மா உடப்புசல்லாவைப் பக்கம் தங்கள் தோட்டத்தில் இருக்கிறார், அந்தக் காலத்தில் நாடகத்தில் பாடியவராம் என்று. நான் இருபது நாள் யோசித்தேன். பிறகு ஒரு காலையில் கிளம்பினேன். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து இன்னொரு பஸ். பஸ்ஸில் என்னை அறியாமல் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார். என்ன சொல்லி அந்த வீட்டுக்குள் நுழைவது என்று மட்டும் வழி முழுக்கத் தெரியவில்லை.

அக்கா கதவடியில் முக்காலியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை. மூச்சு இழுக்கிறது. நான் யார் என்று சொன்னேன். "சின்னக் கழுத, நீயா? இம்புட்டுத் தூரம் என்னைத் திட்டவா வந்த?" என்றாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிச்சிருங்க என்ற சொல் வாயில் வரவில்லை. அதனால் முதல் பாட்டின் முதல் வரியைப் பாடினேன். கடுதாசி போடுவியா தங்கச்சி.

நான் நிறுத்திய இடத்தில் அவள் எடுத்தாள். அதே கரகரப்பு, மூச்சு மட்டும் குறைவு. 'செவலக்கோழி அடைகாக்குது, தண்ணி வச்சியா அக்கா' என்று பாடினாள். எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் அடுத்ததைக் கேட்டேன், எந்த ஊரு எறங்குவியோ. 'கொல்லக்கதவு சாத்தலியே, மழை வருதே அக்கா' என்று வந்தது. நான் இந்தியாவைக் கேட்கிறேன், அவள் லயத்தைப் பற்றிச் சொல்கிறாள். நான் போகிற இடத்தைக் கேட்கிறேன், அவள் அடுப்பில் இருக்கிற சோற்றைக் கேட்கிறாள். பாட்டு முழுக்க அப்படி. ஒரு பதிலும் கேள்விக்குப் பொருந்தவில்லை, ஆனால் மாஸ்டர் கதவில் தட்டிக் காட்டிய அந்த இடைவெளிக்குள் அவள் வரி ஒரு மயிரிழை மிச்சமில்லாமல் உட்கார்ந்தது. மூன்றாவது வரியில் எனக்குப் பிடிபட்டது. படகில் நிற்கிறவளுக்கு மனசு அந்தக் காம்பராவைவிட்டு இன்னும் கிளம்பவில்லை. அவள் போகவே இல்லை. நாடகத்து அக்காதான் அவளை அனுப்பிவிட்டாள், கேள்வி கேட்டுக் கேட்டு. எங்கள் வீட்டில் என் சித்தி இந்தியாவுக்குப் போன அன்றைக்கும் ஹட்டன் ஸ்டேசனில் கடைசியாகச் சொன்னது, பருப்பை வெயிலில் போட்டிருக்கேன், எடுத்து வச்சிரு என்பதுதான். இதை வேறு யார் பாட்டாகப் போட முடியும்? நான் அழுதேன். அவளுக்கும் என் பாதியைக் கேட்டது அதுதான் முதல்தரம். "இதத்தான் நீ கேட்டியாடி? நான் பாட்டுக்குக் கோழியப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருக்கேனே" என்று சொல்லிச் சிரித்தாள்.

மூச்சு வாங்கியபிறகு ஒன்று சொன்னாள். "மூணு பாட்டுதான் தங்கச்சி எங்கிட்ட இருக்கு. நாலாவதுக்கு எனக்கு வரவே இல்ல. அன்னைக்குத்தான் தாறேன்னு சொல்லியிருந்தாரு. அதுக்குத்தான் கவுந்திருக்காருன்னு நெனச்சேன்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சரி, இரண்டாவதைப் பாடுவோம் என்று தொண்டையைச் செருமினேன்.

அப்போது மருமகள் வந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், நல்ல பெண், எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கையில் உங்கள் நீலப் புத்தகம். "அத்த, நீங்க பாடுறது இதுல இருக்கே. ஆனா நீங்க மாத்திப் பாடுறீங்க. கோழியெல்லாம் இதுல இல்ல" என்று சொல்லி, புத்தகத்து வரிகளை வாசித்துக் காட்டினாள். கேலியாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறாளாம். அக்காவின் முகம் அப்படியே அடங்கிவிட்டது. நான் எவ்வளவோ சொன்னேன். புத்தகம் பொய், நீங்கள் பாடுவதுதான் மாஸ்டர் தந்தது என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை.

"படிச்சவங்க அச்சுல தப்பாப் போடுவாங்களாடி? கேள்விக்குப் பதிலு சரியாத்தானே இருக்கு அதுல. நாந்தான் மறந்து வேற எதையோ பாடுறேன் போல."

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அன்னைக்கும் பாட்டு வருதுன்னுதான் நெனச்சேன். அதுவும் தப்பாத்தானே போச்சு. என் நெனப்ப நம்பாத, தங்கச்சி."

அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பாட்டும் மூன்றாவது பாட்டும் அந்த வாய்க்குள்ளேயே இருக்கின்றன. நான் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்தேன். மறுவாரம் போன் போட்டேன், மறுபடியும் போட்டேன். மருமகள் கொடுப்பாள், அக்கா நலம் விசாரிப்பாள், பாட்டு என்றதும் மூச்சு முட்டுது என்று வைத்துவிடுவாள்.

உங்களுக்கும் போன் போட்டேன், நினைவிருக்கும். நடந்ததெல்லாம் சொன்னேன். முதல் பாட்டில் கீழ் டிவிசன் அக்கா பாடிய வரிகளைப் பாடியும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லையே. மாஸ்டர் மாதிரிப் பெரிய கலைஞர் அப்படிச் செய்வாரா? அந்த அம்மாவுக்கு வயசாயிட்டுது" என்றீர்கள். சரி, நாலாவது பாட்டுக்குப் பதில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பாதிப் பாட்ட யாரும்மா பாடுவாங்க? நாளைக்குப் புள்ளைங்க பாட வேணாமா? எல்லாம் மாஸ்டருக்காகத்தானே" என்றீர்கள். யார் பாடுவார்கள் என்று கேட்கிறீர்கள். நான் பாடுகிறேன் ஐயா, தினமும். என்னிடம் வந்து வாங்கிப் போனதே அந்தப் பாதிப் பாட்டைத்தானே.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. காலி இடத்தைப் பார்த்து உங்களுக்குப் பொறுக்கவில்லை, நிரப்பிவிட்டீர்கள். நிரப்பியதை நீங்கள் எழுதினீர்கள் என்று போட்டிருந்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. மாஸ்டர் பெயரைப் போட்டீர்கள். அதனால் இன்றைக்கு மாஸ்டரிடம் நேராக வாங்கிய ஒருத்தி, தன் வீட்டிலேயே, தான் பாடுவது தப்பு என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு மூச்சு இழுக்கிறது. எவ்வளவு நாள் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னால் நம்ப மாட்டாள், அவளைக் கொலைகாரி என்று சொன்னவள் நான்தானே. அச்சில் வந்ததைத்தான் நம்புவாள். எனவே என் பங்கை முதலில் அச்சில் சொல்கிறேன், டீச்சர் இதை அவளுக்கு வாசித்துக் காட்டட்டும். அக்கா, அன்றைக்குப் பைப்படியில் நான் சொன்னது பொய். நீங்கள் இருந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், பேசாத புள்ள, பாட்டு வருது என்று.

இனி உங்கள் முறை, தலைவர் அவர்களே. எனக்குப் போனில் பதில் வேண்டாம், வீட்டுக்கு வந்து சமாதானமும் வேண்டாம். இந்த வருட விழாவில், அதே மேடையில், அதே ஒலிவாங்கியில் சொல்லுங்கள், பத்திரிகையிலும் போடுங்கள். நான்காவது பாட்டில் நான் உங்களுக்குப் பாடிக் கொடுத்த கடைசிக் கேள்வி இது: 'படகு சின்னதாத் தெரியுதடி, எந்தப் பக்கம் நிக்கிறே?' அதற்கு மாஸ்டர் பதில் தரவே இல்லை, தருவதற்குள் போய்விட்டார். உங்கள் புத்தகத்தில், 'உன் நெஞ்சின் பக்கம் நிற்கிறேன் அக்கா' என்று இருக்கிறது. அந்த வரியை எழுதியது யார்?